பள்ளி உளவியலில் பிஎச்.டி.: ஏற்கெனவே படித்த கிரெடிட் எவ்வளவு தூரம் கூட வரும்?

உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஒரு பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ ஹெச்ஆர் பிரிவிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்தாயிற்று. இப்போது பிஎச்.டி. சேரலாமா என்று யோசிக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மனதில் முதலில் ஓடுவது ஒரு கழித்தல் கணக்காகத்தான் இருக்கும். இதுவரை படித்ததைக் கழித்துக்கொள்வார்களா? வேலை பார்த்த அனுபவத்துக்கு ஏதாவது கிடைக்குமா? மொத்தத்தில் எத்தனை வருடம் மிச்சமாகும்?

சுருக்கமான பதில்: கிரெடிட் கொஞ்சம் கழியலாம், வருடம் அநேகமாகக் கழியாது. இந்தியாவின் யுஜிசி விதிகளையும் அமெரிக்காவின் அங்கீகார விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டும் வெவ்வேறு பாதையில் போய் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 3 வருடம். அது எப்படி, அதற்குள் எதை மிச்சப்படுத்தலாம், எதை முடியாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், ஆந்திராவில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 15 வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் ஒன்று, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஒரு தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளரை நியமிக்க வேண்டும் என்பது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவு சொல்கிறது. தீர்ப்பின் பின்னணியில் இருப்பது இந்த எண்.

இப்போது ஆட்களுக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் 2024–25 தரவின்படி நாட்டில் 14.71 லட்சம் பள்ளிகள், 24.69 கோடி மாணவர்கள். 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் என்பது அமெரிக்கப் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கமான நாஸ்ப் பரிந்துரைக்கும் விகிதம். அதை இந்தியாவுக்குப் பொருத்தினால் ஏறக்குறைய 4.94 லட்சம் பேர் தேவை. அமெரிக்காவிலேயே தேசிய அளவில் அந்த விகிதம் எட்டப்படவில்லை. அதனால் இதை இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த 4.94 லட்சம் பேருக்கும் பிஎச்.டி. தேவையா? இல்லை. ஆனால் இவர்களுக்குப் பாடம் நடத்தவும், பயிற்சிக் காலத்தில் கூடவே இருந்து மேற்பார்வை செய்யவும் ஆட்கள் வேண்டும். பிஎச்.டி. முக்கியமாகும் இடம் அதுதான். அந்த வாசலில் யாரை உள்ளே விடுகிறோம், அவர்கள் கொண்டுவரும் அனுபவத்தில் எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பது உங்கள் ஒருவருடைய பிரச்சினை மட்டும் இல்லை.

முதலில் ஒரு தெளிவு: பிஎச்.டி. கட்டாயமா?

பள்ளியில் வேலை பார்ப்பது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால், பெரும்பாலும் தேவையில்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆலோசகர் பணிக்கு முனைவர் பட்டம் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் பள்ளி உளவியலாளராக வேலை பார்க்க, பெரும்பாலான மாநிலங்களில் ‘ஸ்பெஷலிஸ்ட்’ நிலைப் படிப்பு போதும். நாஸ்ப் விதிப்படி அது 3 வருடம், குறைந்தது 60 கிரெடிட், 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய, அமெரிக்காவில் பள்ளிக்கு வெளியே உளவியலாளராகத் தனியாகத் தொழில் செய்ய உரிமம் வாங்க, இதற்கெல்லாம்தான் முனைவர் பட்டம் வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே உளவியலில் பிஎச்.டி. வாங்கினால் மட்டும் நீங்கள் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ ஆகிவிட மாட்டீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வரையறை, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற மேற்பார்வைப் பயிற்சியுடன் கூடிய முழுநேரப் படிப்பைக் கேட்கிறது. ஆக, பட்டம் வேறு, தொழில் உரிமம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பிஎச்.டி.யில் சேர்ந்துவிட்டால், ஐந்தாறு வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தியாவில் யார் சேரலாம்?

இப்போது நடைமுறையில் இருப்பது யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிகள். அதன்படி உள்ளே நுழைய முக்கியமான வழிகள் இவை:

• 3 வருட இளநிலை, 2 வருட முதுநிலை படித்தவர்கள்: முதுநிலையில் குறைந்தது 55 சதவீதம்.

• 4 வருட இளநிலை, 1 வருட முதுநிலை படித்தவர்கள்: இவர்களுக்கும் முதுநிலையில் 55 சதவீதம்.

• 4 வருட இளநிலை மட்டும் படித்தவர்கள்: குறைந்தது 75 சதவீதம் இருந்தால் நேரடியாகச் சேரலாம்.

• எம்.ஃபில் முடித்தவர்கள்: 55 சதவீதம்.

எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு.

படிப்புக் காலம் கோர்ஸ்வொர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கும் மேல் 2 வருடம், அதாவது மொத்தம் 10 வருடம் வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு.

வேலையை விடாமல் பகுதிநேரமாகவும் படிக்கலாம். ஆனால் உங்கள் நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதிநேரம் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்பு. மூன்றாவதில் கையெழுத்துப் போட நிறைய நிறுவனங்கள் தயங்கும். இதை ஹெச்ஆரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

‘ஆன்லைன் பிஎச்.டி.’ என்று விளம்பரம் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தொலைநிலை, இணையவழி பிஎச்.டி.க்கு யுஜிசி விதி இடம் தரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் நிறுவனங்கள் விற்கும் இணையவழி பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே எச்சரித்திருக்கின்றன.

நெட் மதிப்பெண் எங்கே வருகிறது?

2024 ஜூன் நெட் தேர்விலிருந்து முடிவுகள் மூன்று பிரிவாக வருகின்றன. முதல் பிரிவுக்கு ஜேஆர்எஃப் உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைத் தகுதி மூன்றும் உண்டு. இரண்டாவதுக்கு உதவித்தொகை கிடையாது, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாவது பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு பிரிவினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று வெயிட்டேஜ். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் 1 வருடம்தான் செல்லும்.

இந்த 1 வருடம் என்பதைக் கவனியுங்கள். 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. மறுதேர்வு ஆகஸ்ட், செப்டம்பரில்தான் நடந்தது. அந்த மாதிரி ஒரு தடங்கல் வந்தால், நெட்டை மட்டும் நம்பி வேலையை விட்டவர்களுக்குத்தான் அடி. சில பல்கலைக்கழகங்கள் சொந்த நுழைவுத் தேர்வும் வைக்கின்றன. 2022 விதிப்படி அந்தத் தேர்வில் பாதி ஆராய்ச்சி முறையியல், பாதி பாடம். தேற 50 சதவீதம் எடுக்க வேண்டும். நீங்கள் குறிவைக்கும் துறை எந்த வழியில் ஆள் எடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. ஜேஆர்எஃப்புக்குப் பொதுப் பிரிவில் 30 வயது. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 வருடத் தளர்வு. தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் 2 வருடத்துக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 31 வயதில் வேலையை விட்டுச் சேரும் பொதுப் பிரிவு ஆணுக்கு இந்தக் கதவு மூடியாகிவிட்டது.

இடங்கள் எத்தனை என்பதும் ஒரு கணக்குத்தான். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக, நம் பேச்சில் கைடாக, இருக்க முடியும். ஒரு பேராசிரியர், 2 இணைப் பேராசிரியர்கள், 4 உதவிப் பேராசிரியர்கள் உள்ள ஒரு துறையை எடுத்துக்கொண்டால் மொத்தம் 36 இடம். ஒவ்வொருவரும் 5 வருடம் எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 7 இடம்தான் காலியாகும். அதுவும் உளவியலின் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து. பள்ளி உளவியலில் ஆராய்ச்சி செய்யும் கைடு அந்தத் துறையில் ஒருவராவது இருக்கிறாரா என்பதுதான் கடைசியில் உங்கள் சேர்க்கையை முடிவு செய்யும்.

கிரெடிட் வங்கி இருக்கிறதே, அது உதவாதா?

2021 ஜூலையில் யுஜிசி ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ விதிகளைக் கொண்டுவந்தது. வங்கிக் கணக்கு போலவே, படித்த கிரெடிட்டைச் சேமித்து வைத்து, வேறு நிறுவனத்தில் எடுத்துப் பயன்படுத்தலாம். பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்குக்கும் இது பொருந்தும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் நான்கு இடத்தில் முட்டும்.

ஒன்று, 2021–22 கல்வியாண்டிலிருந்து பெற்ற கிரெடிட் மட்டும்தான் இதில் செல்லும். 2018-ல் எம்.ஏ. முடித்தவருக்கு அந்தக் கணக்கில் எதுவும் இருக்காது.

இரண்டு, சேமித்த கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் 7 வருடம்.

மூன்று, ஒரு பட்டத்துக்காக எடுத்துப் பயன்படுத்திய கிரெடிட் கணக்கிலிருந்து கழிந்துவிடும். எம்.ஏ. பட்டம் வாங்கும்போதே அந்த 80 கிரெடிட்டைச் செலவழித்துவிட்டீர்கள். அதையே பிஎச்.டி.க்கு மறுபடி காட்ட முடியாது.

நான்கு, பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 சதவீதக் கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்கே குறைந்தபட்சம் 12 கிரெடிட்தான். ஆக வெளியிலிருந்து கொண்டுவரக்கூடியது அதிகபட்சம் 6.

அப்படியே 6 கிரெடிட் மாற்றினாலும் 3 வருடம் என்ற குறைந்தபட்சம் அசையாது. ஒரு பருவத்தின் பளு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பாதியில் பல்கலைக்கழகம் மாறினால்? விதி இதில் ரொம்பக் குறுகலாக இருக்கிறது. திருமணம் அல்லது வேறு காரணத்தால் இடம் மாறும் பெண் ஆய்வாளர், தன் ஆராய்ச்சித் தரவைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். அந்த ஆராய்ச்சி பழைய நிறுவனத்துக்கோ கைடுக்கோ நிதியளிப்பு அமைப்பு ஒன்று கொடுத்த திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. முன்பு செய்த வேலைக்குப் பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய இடம் தர வேண்டும். இந்தச் சலுகை பெண்களுக்கு மட்டும்தான். பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் மாறும் ஆணுக்கு இதில் இடமில்லை.

எம்.ஃபில் போனதில் என்ன போச்சு?

2022 விதிகளோடு எம்.ஃபில் முடிவுக்கு வந்தது. 2023 டிசம்பரில், இனி யாரும் இதில் சேர வேண்டாம் என்று யுஜிசி மறுபடி சொன்னது. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜி, சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க் எம்.ஃபில்களுக்கு மட்டும் 2025–26 சேர்க்கை வரை நீட்டிப்புத் தருவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. அதன் இடத்துக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் புதிய எம்.ஏ., சைடி படிப்புகள் வருகின்றன.

எம்.ஃபில் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. முதலாவது, 2016 பிஎச்.டி. விதிப்படி, எம்.ஃபில் முடித்தவருக்குத் துறை நினைத்தால் பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்கிலிருந்து விலக்குத் தரலாம். இரண்டாவதுதான் முக்கியம். கிளினிக்கல் எம்.ஃபில் என்பது 2 வருடம் முழுநேரம், மேற்பார்வையாளர் ஒருவரின் கண் முன்னால் ஆட்களோடு வேலை செய்து பழகும் படிப்பு. யுஜிசியின் பிஎச்.டி. விதியில் அப்படி ஒன்று கிடையாது. கோர்ஸ்வொர்க் உண்டு, ஆய்வேடு உண்டு. குழந்தைகளோடும் பெற்றோரோடும் எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும் என்று ஒரு எண்கூட அதில் இல்லை.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலை, இணையவழியில் உளவியல் படிப்புகளில் புதிதாக ஆள் சேர்க்க யுஜிசி தடை விதித்தது. வேலை பார்த்துக்கொண்டே உளவியலுக்கு மாறிய பலருக்கு அதுதான் வழியாக இருந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஏற்கெனவே முடித்தவர்கள் பயப்பட வேண்டாம். உரிய ஒப்புதலோடு பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

அமெரிக்காவில் கணக்கு எப்படி?

பள்ளி உளவியல் என்ற பெயரிலேயே முழு முனைவர் படிப்புகள் ஏராளமாக இருப்பது அமெரிக்காவில்தான். அங்கே இரண்டு அமைப்புகளின் விதிகள் முக்கியம்.

நாஸ்ப் விதிப்படி முனைவர் படிப்பு என்றால் முதுநிலை மட்டத்தில் குறைந்தது 4 வருட முழுநேரப் படிப்பு, 90 கிரெடிட். இதில் 78 கிரெடிட் இன்டர்ன்ஷிப்பும் ஆய்வேடும் சேராமல் வர வேண்டும். இன்டர்ன்ஷிப் 1,500 மணி நேரம். அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியில்.

இதைப் பார்த்ததும் நம்மில் பலர் போடும் கணக்கு: ‘என் எம்.ஏ. 80 கிரெடிட், அங்கே 90 கேட்கிறார்கள், அப்போ மிச்சம் 10 தானே?’ இங்கேதான் இடிக்கிறது. இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றல் 1 கிரெடிட். வருடத்துக்கு 40. அமெரிக்காவில் 1 கிரெடிட் என்பது ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 45 மணி நேரம். மணி நேரமாக மாற்றினால் உங்கள் 80 கிரெடிட் 2,400 மணி நேரம். அவர்களுடைய 90 கிரெடிட் 4,050 மணி நேரம். அதே அளவுகோலில் உங்கள் எம்.ஏ. 53 கிரெடிட்தான் வரும்.

அந்த 53-ஐயும் மொத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுவார்கள். நீங்கள் படித்த ‘அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ அவர்களுடைய பாடத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் படிப்பார்கள். முதுநிலை மட்டப் பாடமாக இருக்க வேண்டும், பி கிரேடுக்குக் குறையக் கூடாது, இத்தனை வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். எத்தனை கிரெடிட் வரை ஏற்பார்கள் என்ற உச்சவரம்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். இறுதி முடிவு பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் எழுத்தில் வரும். களப்பயிற்சியையும் இன்டர்ன்ஷிப்பையும் சாதாரணமாக மாற்றித் தர மாட்டார்கள்.

இரண்டாவது அமைப்பு அமெரிக்க உளவியல் சங்கம், ஏபிஏ. அதன் அங்கீகார விதிதான் வருடங்களைக் கட்டிப்போடுகிறது. குறைந்தது 3 வருட முழுநேரப் படிப்பு, அதற்கு மேல் இன்டர்ன்ஷிப். அந்த 3 வருடத்தில் குறைந்தது 2 வருடம் பட்டம் தரும் படிப்பிலேயே இருக்க வேண்டும். அதில் 1 வருடம் முழுநேரமாக அங்கேயே தங்கிப் படித்திருக்க வேண்டும்.

ஆக, ஏபிஏ அங்கீகாரம் பெற்ற படிப்பில் கொடுக்கக்கூடிய அத்தனை கிரெடிட்டையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2 வருடம் படிப்பு, அதன் பிறகு இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு வருடம். மொத்தம் 3. ஆய்வேடு அதற்குள் முடிந்தால்தான் அதுவும். இந்தியாவின் குறைந்தபட்சமும் 3 தான்.

அப்போ கிரெடிட் மாற்றுவதில் லாபமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று நீங்களே கட்டணம் கட்டினால், மாற்றும் ஒவ்வொரு கிரெடிட்டும் உங்கள் கையில் நிற்கும் பணம். உதவியாளர் பணியோடு கட்டண விலக்கும் கிடைத்திருந்தால் அந்த லாபம் குறைவு. அங்கே ஒரு வருடம் சுருங்கினால் உதவித்தொகை வரும் ஒரு வருடமும், ஆய்வுக்கட்டுரை எழுதக் கிடைக்கும் ஒரு வருடமும் சேர்ந்தே போகலாம்.

விசாவிலும் ஒரு கண்ணி உண்டு. எஃப்–1 விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி அனுமதி வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தை எட்டிவிட்டால், பட்டம் முடித்த பிறகு அதே படிப்பு நிலையில் கிடைக்க வேண்டிய ஓபிடி வேலை அனுமதி போய்விடும். 1,500 மணி நேரத்தை வாரம் 40 மணி நேரம் என்று வகுத்தால் 38 வாரத்தில் முடியும். பள்ளிக் கல்வியாண்டை ஒட்டிய 10 மாத இன்டர்ன்ஷிப்புக்கும் 12 மாத இன்டர்ன்ஷிப்புக்கும் நடுவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதைக் கேட்காமல் இன்டர்ன்ஷிப் இடத்தை உறுதி செய்யாதீர்கள்.

யாருமே கணக்கில் எடுக்காதது

நீங்கள் 5 வருடம் ஒரு பள்ளியில் ஆலோசகராக இருந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பில் பின்தங்கிய குழந்தைகளை மதிப்பிட்டிருக்கிறீர்கள், பெற்றோரிடம் பேசியிருக்கிறீர்கள், நெருக்கடியில் இருந்த மாணவரை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். இந்தியப் பிஎச்.டி. விதியில் இதற்கான கிரெடிட் பூஜ்யம். நேர்காணலில் நல்ல பெயர் வாங்கித் தரலாம், அதோடு சரி. அமெரிக்காவிலும் சேர்க்கைக்கு இது பெரிய பலம், ஆனால் 1,500 மணி நேரத்தில் இதைக் கழிக்க மாட்டார்கள்.

இரண்டு நாடும் மறுத்தாலும் காரணம் ஒன்றல்ல. அமெரிக்க விதி, மேற்பார்வையில் செய்த வேலையைத்தான் பயிற்சி என்று எண்ணுகிறது. எத்தனை மணி நேரம், எங்கே, யார் கண்காணிப்பில் என்று அதற்கு அளவு வைத்திருக்கிறது. உங்கள் பழைய அனுபவம் அந்த அளவுக்குள் வராததால் கழிக்கவில்லை. இந்தியாவின் பிஎச்.டி. விதியில் அந்த அளவே இல்லை. வகுப்பறைக் கிரெடிட்டுக்கு நாம் வங்கி திறந்துவிட்டோம். பள்ளி உளவியலின் உயிரே களத்தில் செலவழிக்கும் நேரம்தான். அதைப் பதிவு செய்ய ஒரு கணக்குப் புத்தகம்கூட இல்லை.

உச்ச நீதிமன்றம் கேட்பது ‘பயிற்சி பெற்ற’ ஆலோசகர்களை. அவர்களுக்குப் பயிற்சி தரப்போகிறவர்கள் ஒரு குழந்தையோடும் மேற்பார்வையில் வேலை செய்யாமலே முனைவர் ஆக முடியும் என்ற நிலையை, இட எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் சரிசெய்ய முடியாது. பள்ளி அனுபவம் உள்ளவர்களின் வேலையை மேற்பார்வையோடு பதிவு செய்து, அதற்குக் கிரெடிட் தரும் வழியை யுஜிசியும் மறுவாழ்வுக் கவுன்சிலும் சேர்ந்து உருவாக்கினால், நாலைந்து வருட அனுபவத்தோடு வெளியே நிற்கும் உங்களைப் போன்றவர்களை உள்ளே கொண்டுவரலாம்.

சேருவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை

பதில் எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்னது பிறகு நிற்காது.

1. என் பழைய பாடங்களில் எவை ஏற்கப்படும்? முடிவு சேரும் முன்பா, பின்பா? யார் எடுப்பார்கள்? பழைய பாடத்திட்டங்களை இப்போதே பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிரெடிட் ஏற்கப்பட்டால் குறைவது கட்டணமா, பாடச்சுமையா, வருடமா? மூன்றும் ஒன்றல்ல.

3. இந்தியாவில் என்றால்: கைடு ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது? 3 வருடத்துக்கும் குறைவாக இருந்தால் அவர் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது. அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

4. அமெரிக்காவில் என்றால்: மாணவர்கள் படிப்பை முடிக்கச் சராசரியாக எத்தனை வருடம் ஆகிறது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், செலவு எவ்வளவு, எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள்? இந்த எண்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட ஏபிஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகள் கடமைப்பட்டவை. விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் இதைத் திறந்து பாருங்கள். குறைந்தபட்சம் என்று விதி சொல்வதற்கும் நிஜத்தில் ஆகும் வருடத்துக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தெரியும்.

5. இந்தப் பட்டத்தோடு நான் என்ன பெயரில், எந்த நாட்டில் தொழில் செய்ய முடியும்? அமெரிக்காவில் படித்துத் திரும்புபவர்களுக்கு யுஜிசி 2025 ஏப்ரலில் வெளியிட்ட வெளிநாட்டுப் பட்டங்களின் சமன்மை விதிகள் பொருந்தும். சிகிச்சை சார்ந்த வேலைக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி முடிந்துவிடும். உதவித்தொகையுடன் கூடிய இடத்துக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருவது அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட வழக்கம். அதற்கு முன் அவசரப்படுத்தினால், ஏன் என்று கேட்கலாம்.

வேலையை விடும் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால், உங்கள் வீட்டு பட்ஜெட்டில் 3 வருடத்தைக் குறைந்தபட்சம் என்றும் 5 வருடத்தை நடைமுறை என்றும் போட்டுப் பாருங்கள். அந்த 5 வருடக் கணக்கு தாங்குகிறதென்றால் விண்ணப்பியுங்கள். பழைய கிரெடிட் வந்தால் அது கூடுதல் லாபம். அது வந்தால்தான் கணக்கு தேறும் என்றால், ஒரு வருடம் தள்ளிப் போடுவதில் தவறில்லை.